பூக்காரம்மாவின் கப்பல் பயணம்

பூக்காரம்மாவுக்கு நான்கு நாளாகத் தூக்கம் இல்லை.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அந்த ஊர் பேருந்து நிறுத்தத்தில் அவர் பூ விற்கிறார். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் பூக்காரம்மாதான். மகளை அந்தமானில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு அங்கே கொத்தனார் வேலை. மகளுக்கு இப்போது எட்டாவது மாதம். தலைப்பிரசவம்.

தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். ஆனால் மகளுக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. "இந்த நிலையில் நீண்ட பயணம் வேண்டாம்" என்று அங்குள்ள மருத்துவர் சொல்லிவிட்டார்.

"அம்மா, என்னால வர முடியாது. நீ வந்துடும்மா" என்று மகள் தொலைபேசியில் அழுதாள்.

"வந்துடறேன் கண்ணு" என்று பூக்காரம்மா சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

சென்னையிலிருந்து விமானத்தில் போனால் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். ஆனால் அவசரத்தில் எடுக்கும் விமானச் சீட்டு பூ விற்கிற காசுக்குக் கட்டுப்படியாகாது. கப்பலில் பங்க் வகுப்பு என்று ஒன்று உண்டு. ஒரு பெரிய கூடத்தில் அடுக்கடுக்காகப் படுக்கைகள் இருக்கும். அதற்குச் சீட்டு விலை குறைவு. மாப்பிள்ளை அதில்தான் இடம் எடுத்திருந்தார். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல் வழியே சுமார் 1200 கிலோமீட்டர். போய்ச் சேர இரண்டரை நாள் முதல் மூன்று நாள் ஆகும். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பூக்காரம்மாவின் மாப்பிள்ளைக்கு வாயில் வருவது பழைய பெயர்தான்.

அது ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியே பறந்தால் கப்பல் எம்மாத்திரம்? பூக்காரம்மாவின் கவலை இதுதான்.

ஊரார் சொன்னது

பூ வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"என் நாத்தனார் கப்பலில் போனாங்க. மூணு நாளும் வாந்திதான். குடலே வெளியே வந்துடும் போல இருந்துச்சாம்" என்றார் ஒருவர்.

"ஒண்ணும் சாப்பிடாம வெறும் வயித்தோட ஏறுங்க. வயித்துல எதுவும் இல்லேன்னா எப்படி வாந்தி வரும்?" என்றார் இன்னொருவர்.

"கொஞ்சம் பிராந்தி குடிச்சா போதும், எதுவும் தெரியாது" என்றார் டீக்கடைக்காரர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்ததை ஒரு பாட்டி நினைவுபடுத்தினார். "அந்தத் தீவையே முழுங்கின கடல் ஆச்சே" என்று பெருமூச்சு விட்டார்.

இதில் வெறும் வயிறு, பிராந்தி இரண்டும் தவறான யோசனைகள். வெறும் வயிற்றில் குமட்டல் கூடும். வாந்தி வரும்போது வெளியே வர ஒன்றும் இல்லாமல் வயிறு இன்னும் வலிக்கும். மது உடம்பில் உள்ள நீரைக் குறைக்கும். தலைச்சுற்றலையும் கூட்டும். கப்பலில் தள்ளாடி விழுந்து அடிபடவும் அது போதும்.

ஆனால் பூக்காரம்மாவுக்கு எது சரி, எது தவறு என்று தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து தலைக்குள் சுற்றியது. கப்பலில் ஏறும் முன்பே அவருக்கு வயிற்றைப் புரட்டியது. இது வேடிக்கை இல்லை. பயமே குமட்டலைக் கூட்டும்.

கலாசி மாமா

அதே தெருவில் ஒரு முதியவர் இருக்கிறார். கப்பலில் பல வருடம் கலாசியாக வேலை பார்த்தவர். கப்பலில் கயிறு இழுப்பது, நங்கூரம் போடுவது, தளம் கழுவுவது எல்லாம் கலாசியின் வேலை. ஊரில் அவரைக் கலாசி மாமா என்று கூப்பிடுவார்கள். சாயங்காலம் பூக்காரம்மா அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனார்.

"மாமா, கடல் கொந்தளிக்குமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

"கொந்தளிக்கும்மா. ஆடி மாசம் இல்லையா? பொய் சொல்ல மாட்டேன்."

பூக்காரம்மாவின் முகம் வாடிவிட்டது. கலாசி மாமா சிரித்தார்.

"நீ எதுக்குப் பயப்படறே? கப்பல் மூழ்கிடும்னா? இல்லே, வாந்தி வரும்னா?"

பூக்காரம்மா யோசித்தார். இதுவரை அவர் அப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

"ரெண்டுக்கும்தான் மாமா."

"ரெண்டும் வேற வேற. ஒண்ணு மாலுமி பார்த்துக்கற விஷயம். இன்னொண்ணு நீ பார்த்துக்கற விஷயம். அவர் வேலையை நீ தலையில தூக்கி வச்சுக்காதே."

பிறகு முதல் பயத்தைப் பற்றிப் பேசினார்.

தஞ்சாவூர் பொம்மையைப் பார்த்திருக்கிறோம். அதைத் தள்ளினால் சாயும். கையை எடுத்தால் நிமிரும். ஏன்? அடிப்பாகம் கனமாக இருக்கிறது. கப்பலும் அப்படித்தான். எஞ்சின், எண்ணெய்த் தொட்டி, சரக்கு எல்லாம் கீழே இருக்கின்றன. எடை போதாவிட்டால் அடித்தொட்டிகளில் கடல் நீரையே நிரப்பிக் கனமாக்குவார்கள். அதனால் அலை தள்ளினால் கப்பல் சாயும், பிறகு நிமிரும். அலை பக்கவாட்டில் மோதினால் இடமும் வலமும் ஆடும். முன்னால் மோதினால் மூக்குப் பகுதி ஏறி இறங்கும். ஆட்டம் என்பது ஆபத்தின் அடையாளம் இல்லை. கப்பல் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள்.

"கப்பல் கவிழவே கவிழாதுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. பஸ்ஸுக்கும் அப்படிப் பண்ண முடியாதே. ஆனா புயல்ல பயணிகளை ஏத்திக்கிட்டுக் கிளம்ப மாட்டாங்க" என்றார் கலாசி மாமா.

அது உண்மை. இந்திய வானிலைத் துறை புயலைப் பற்றி முன்கூட்டியே சொல்கிறது. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண் கொண்ட எச்சரிக்கைக் கூண்டுகளை ஏற்றுகிறார்கள். வானொலியில் "மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று கேட்டிருப்போம். எண் கூடக் கூட எச்சரிக்கையும் கூடும். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் உருவான நேரத்தில் அந்தமானில் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஹேவ்லாக் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு கடற்படைக் கப்பல்கள் போய் அவர்களை அழைத்து வந்தன. காத்திருப்பது எரிச்சல்தான். ஆனால் கிளம்பாமல் நிறுத்துவது பாதுகாப்புக்காக.

இன்னொரு செய்தி பூக்காரம்மாவை வியக்க வைத்தது. பெரிய புயல் கரைக்கு வரும்போது துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை வெளியே ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே நின்றால் சுவரில் மோதி உடையும். கப்பலுக்குக் கரைதான் எதிரி. சுனாமியும் அப்படித்தான். ஆழ்கடலில் அது உயரம் குறைந்த, மிக நீண்ட அலை. கப்பலுக்கு அடியில் கடந்து போனாலும் பெரும்பாலும் தெரியாது. கரையை நெருங்கும்போதுதான் அது எழும்பும்.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

"சரி மாமா. வாந்திக்கு என்ன செய்யறது?"

"உன் மாப்பிள்ளை கொத்தனார்தானே? ரசமட்டம் பார்த்திருக்கியா?"

பார்த்திருக்கிறார். சுவர் நேராக இருக்கிறதா என்று அறியக் கொத்தனார் வைக்கும் கருவி. அதற்குள் ஒரு நீர்க்குமிழி இருக்கும். சாய்ந்தால் குமிழி நகரும்.

நம் காதுக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. உட்காதில் மூன்று சிறிய வளைந்த குழாய்கள் உள்ளன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கும். தலை அசைந்தால் திரவம் அசையும். உடம்பு ஆடுகிறது என்று மூளைக்குச் செய்தி போகும். கப்பல் அறைக்குள் இருக்கும்போது என்ன நடக்கிறது? காது, "ஆடுகிறது" என்று சொல்கிறது. கண் சுவரையும் படுக்கையையும் பார்த்துவிட்டு, "ஒன்றும் ஆடவில்லை" என்று சொல்கிறது. இரண்டு சாட்சி இரண்டு விதமாகச் சொன்னால் மூளை குழம்பாதா? அந்தக் குழப்பம்தான் தலைச்சுற்றலும் குமட்டலும். பேருந்தில் மலைப்பாதையில் வாந்தி வருவதும் இதனால்தான்.

ஆகவே இது வயிற்று நோய் இல்லை. தொற்றும் நோயும் இல்லை. பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. நெல்சன் என்ற புகழ் பெற்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதிக்கே கடைசி வரை கடல் குமட்டல் இருந்தது. கலாசி மாமாவும் தன் முதல் பயணத்தில் இரண்டு நாள் வாளியும் கையுமாகக் கிடந்தவர்தான். இதை அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏத்தம் இறைக்கறதைப் பார்த்திருக்கே இல்லே? மரத்தோட நுனி எவ்வளவு ஏறி இறங்கும்? நடுவுல இருக்கிற இடம் அசையறதே தெரியாது. கப்பலும் அப்படித்தான். முன்பக்கம் போய் உட்காராதே. நடுவுல, கீழ்த்தளத்துல ஆட்டம் குறைவு. பங்க் கூடம் கீழேதான் இருக்கும். நடுவுல இடம் கிடைக்குமான்னு கேட்டுப் பாரு" என்றார்.

இன்னும் சில சொன்னார். குமட்டல் தொடங்கும்போதே மேல்தளத்துக்குப் போக வேண்டும். வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். அந்தக் கோடு ஆடாது. கப்பல் ஆடுவதைக் கண்ணும் அப்போது உணரும். காதும் கண்ணும் ஒரே செய்தியைச் சொல்லும். மேலே போக முடியாவிட்டால் கண்ணை மூடி மல்லாந்து படுக்க வேண்டும். தலையை அசைக்கக் கூடாது. புத்தகமோ கைப்பேசியோ பார்க்கக் கூடாது. டீசல் வாடை, எண்ணெய்ப் பலகார வாடை இருக்கும் இடத்தில் நிற்கக் கூடாது.

"ஆரம்பத்திலேயே தெரிஞ்சுக்கோம்மா. முதல்ல கொட்டாவி வரும். வாயில எச்சில் ஊறும். குளிர்ந்த வியர்வை வரும். முகம் வெளுக்கும். வாந்தி அதுக்கு அப்புறம்தான்."

மாத்திரை அட்டை

மறுநாள் பூக்காரம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். மருத்துவர் முதலில் அவரைத்தான் விசாரித்தார். சர்க்கரை உண்டா? இரத்த அழுத்தம் உண்டா? கண் அழுத்த நோய் உண்டா? சிறுநீர் கழிக்கச் சிரமம் உண்டா? ஆஸ்துமா உண்டா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? பயண வாந்தி மாத்திரை இப்படிப்பட்ட சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கேட்காமல் கடையில் வாங்கிப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

பூக்காரம்மாவுக்கு இவை எதுவும் இல்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார்.

"வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். படியில் ஏறி இறங்கும்போது கவனம்" என்றார். பிறகு, "மகளுக்குக் குமட்டல் என்றால் இதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கர்ப்பிணிக்கு அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது" என்றார்.

பூக்காரம்மா வீட்டுக்கு வந்ததும் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். காலாவதித் தேதியை எழுத்துக் கூட்டிப் படித்தார். இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. கவரின் மேல், "பயணத்துக்கு 1 மணி நேரம் முன்பு 1 மாத்திரை" என்று எழுதியிருந்தது. அதையும் படித்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு என்றால் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட்டிருப்பார்.

பைக்குள் இஞ்சி மிட்டாய், பொரி, பிஸ்கட், எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டார். இஞ்சி சிலருக்குக் குமட்டலைக் குறைக்கிறது. எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. எலுமிச்சை வாசனை மனசுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு சிறு டப்பாவில் சர்க்கரையும், ஒரு பொட்டலத்தில் உப்பும், ஒரு தேக்கரண்டியும் எடுத்துக்கொண்டார். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றுப்போக்குக்குச் சொல்லிக் கொடுத்த அதே கரைசல்தான். வாந்தியால் நீர் குறைந்தாலும் இதுவே உதவும். உப்பு அளவு மட்டும் கூடக் கூடாது.

கடைசியாக, ஈரத் துணியில் நான்கு முழம் மல்லிகை சுற்றி வைத்தார். மகளுக்காக.

கடலில்

சென்னைத் துறைமுகத்தில் பைகளைச் சோதித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பூக்காரம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரண்டு இட்லி சாப்பிட்டார். உயிர்காக்கும் அங்கியை எப்படிக் கட்டுவது என்று கப்பல் ஊழியர் செய்து காட்டினார். பலர் பேச்சில் இருந்தார்கள். பூக்காரம்மா முன்னால் போய் நின்று பார்த்தார். ஆபத்து மணி அடித்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டார்.

துறைமுகத்துக்குள் கப்பல் நகர்ந்ததே தெரியவில்லை. "இவ்வளவுதானா?" என்று நினைத்தார். சுவரைத் தாண்டி வெளியே வந்ததும் ஆட்டம் தொடங்கியது.

முதல் இரவு தூக்கத்தில் போயிற்று. விடிந்ததும் கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. எச்சில் ஊறியது. கலாசி மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார். காற்று முகத்தில் அடித்தது. தூரத்துக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அலையிலிருந்து பறவைக்கோலா மீன்கள் கூட்டமாக எழும்பிப் பறந்து மீண்டும் நீரில் விழுந்தன. அதைப் பார்த்ததில் அரை மணி நேரம் போனது.

ஆனாலும் வாந்தி வந்தது. மத்தியானத்துக்குள் மூன்று முறை. இவ்வளவு ஏற்பாடு செய்தும் வந்துவிட்டதே என்று அவருக்கு அழுகை வந்தது. கீழே வந்து கண்ணை மூடிப் படுத்தார். வாந்தி நின்ற பிறகு கரைசலைக் கலந்து, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். மடக் மடக்கென்று குடித்தால் திரும்ப வந்துவிடும்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர். அவர் சர்க்கரை நோய்க்காரர். வாந்திக்குப் பயந்து காலையிலிருந்து சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. மாத்திரையை மட்டும் போட்டிருந்தார். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. பூக்காரம்மாவுக்கு இது வெறும் குமட்டல் இல்லை என்று தோன்றியது. ஊழியரைக் கூப்பிட்டார். பெரியவரைக் கப்பலின் மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார்கள். அவருக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. சாயங்காலம் தெளிந்து திரும்பி வந்தார். கடல் குமட்டல் ஆளைக் கொல்லாது. ஆனால் நாக்கு வறண்டு போனால், வெகு நேரம் சிறுநீர் வராவிட்டால், மயக்கம் வந்தால், குடிக்கும் தண்ணீரும் வயிற்றில் தங்காவிட்டால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.

இரண்டாம் நாள் இரவு பூக்காரம்மா பொரியும் பிஸ்கட்டும் சாப்பிட்டார். வயிற்றில் தங்கியது. மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது கப்பல் அதே போலத்தான் ஆடியது. ஆனால் அவருக்குப் பசித்தது. உடம்பு இரண்டு மூன்று நாளில் ஆட்டத்துக்குப் பழகிக்கொள்ளும். எல்லாருக்கும் அல்ல. அடுத்த வரிசையில் ஓர் இளைஞர் கடைசி வரை தலையைத் தூக்கவில்லை. பூக்காரம்மா அவருக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்தார். தயிர்ச் சோறு வாங்கி வந்து தானும் சாப்பிட்டார்.

அன்று பகலில் பச்சைத் தீவுகள் தெரிந்தன. கப்பல் ஹாடோ துறைமுகத்தில் நின்றது. படியில் இறங்கித் தரையில் கால் வைத்ததும் பூக்காரம்மா தள்ளாடினார். மாப்பிள்ளை ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"என்ன அத்தை, மயக்கமா?"

"இல்லே மாப்பிள்ளை. தரை ஆடுது."

காதுக்குள் இருக்கும் ரசமட்டம் கப்பல் ஆட்டத்துக்குப் பழகிவிட்டது. தரைக்குப் பழக அதற்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும்.

வீட்டில் மகள் கட்டிலில் படுத்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. முகம் பரவாயில்லை. ஈரத் துணியைப் பிரித்தபோது மல்லிகை பழுத்துச் சுருண்டு கிடந்தது. மகள் அதையும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"கடல் எப்படிம்மா இருந்துச்சு?"

"ஆடுச்சு. இன்னும் ஆடுது" என்று சொல்லி, மகள் பக்கத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் பூக்காரம்மா. பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"திரும்பிப் போறதுக்கும் கப்பல் சீட்டே எடுங்க மாப்பிள்ளை. ஆனா தை மாசம் எடுங்க. ஐப்பசி, கார்த்திகை புயல் காலம். தையிலதான் கடல் அடங்கி இருக்குமாம். அதுக்குள்ள புள்ளைக்கும் தலை நின்னுடும்."